மாதிரியை விமானம் ஏற்றும் முன் கரன்ட் பில்லைக் கேளுங்கள்

ஆப்பிரிக்க நாடுகளில் கூட்டாய்வு நடத்தும் பன்னாட்டு அமைப்புகளில் பணியாற்றும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

உலக சுகாதார அமைப்பு, ஐ.நா. முகமைகள், பெரிய அறக்கட்டளைகள், மேலைப் பல்கலைக்கழகங்களின் உலக நலத் துறைகள் என்று பல இடங்களில் நீங்கள் இருக்கிறீர்கள். சிலர் நிதி விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். சிலர் பட்ஜெட்டில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்கிறீர்கள். சிலர் ஒப்பந்த வாசகம் எழுதுகிறீர்கள். நாங்கள் மறுமுனையில் இருப்பவர்கள்: ஆய்வுக்காக எடுத்த இரத்தம், சளி, திசு மாதிரிகளைக் காக்கும் மாதிரி வங்கி, குளிர்ப்பதனம், மின்சாரம், சுங்கம், கருவிப் பழுது ஆகியவை எங்கள் வேலை. உங்கள் மேசைக்கு வரும் ஆய்வுத் திட்டத்தில் எங்கள் வேலைக்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கப்பட்டிருக்காது. அந்த அரைப் பக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

சொல்ல வருவது இதுதான். இரத்தமோ சளியோ திசுவோ எங்கே கெடாமல் இருக்கிறதோ அங்கேதான் ஆய்வு நடக்கும். கெடாமல் வைத்திருக்கும் செலவை மூன்றாண்டுத் திட்டம் எதுவும் முழுதாக ஏற்பதில்லை. அதனால் மாதிரி வெளிநாட்டுக்குப் போகிறது. அதன்பின் ‘உள்ளூரில் திறன் போதவில்லை’ என்று அறிக்கை எழுதப்படுகிறது. அறிக்கையை எழுதியவர்களே அந்தப் போதாமைக்குப் பாதிக் காரணம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1976-இல் அன்றைய ஜயீரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) யாம்புக்கு கிராமத்தில் பெயர் தெரியாத காய்ச்சல் பரவியபோது, அங்கே போய் இரத்தம் எடுத்தவர்களில் ஒருவர் காங்கோ மருத்துவர் ஜான்-ழாக் முயெம்பே. மாதிரிகள் ஒரு தெர்மாஸ் குடுவையில், பயணியின் கைச்சுமையாக, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்குப் போயின. போய்ச் சேர்ந்தபோது ஐஸ் உருகியிருந்தது, ஒரு குழாய் உடைந்திருந்தது. எபோலா கண்டுபிடிக்கப்பட்ட கதையாக உலகம் பிறகு படித்தது அந்தக் குடுவை திறக்கப்பட்ட இடத்திலிருந்துதான். முயெம்பேயின் பெயர் பரவலாக அறியப்படப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 28,600 பேருக்கு மேல் எபோலா தொற்றி 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதும் ஆயிரக்கணக்கான மாதிரிகள் வெளியே போயின. எந்தக் குழாய் எந்த நாட்டின் எந்த ஃப்ரீசரில் இருக்கிறது என்பதற்கு முழுப் பட்டியல் கிடைக்காமல் அந்த அரசுகள் பின்னால் அலைந்தன. சியரா லியோனின் கெனெமா அரசு மருத்துவமனையிலிருந்து போன மாதிரிகளிலுள்ள வைரஸின் மரபணு எழுத்துகளை அமெரிக்காவில் வரிசைப்படுத்தி, 78 நோயாளிகளிடமிருந்து கிடைத்த 99 மரபணுத் தொகுதிகளை 2014 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஐந்து பேர் அது அச்சேறும் முன்பே இறந்துவிட்டார்கள். கெனெமாவின் மருத்துவர் ஷேக் ஹுமர் கான் அவர்களில் ஒருவர், எபோலாவிலேயே இறந்தார். அந்தக் குழு தரவைப் பூட்டி வைக்காமல் உடனுக்குடன் பொதுவெளியில் போட்டது பாராட்ட வேண்டிய செயல். ஆனால் வரிசைப்படுத்தும் கருவி கெனெமாவில் இல்லாமல் போனதற்கு அறிவுக் குறைவு காரணமில்லை. இன்னொரு கொடிய வைரஸ் நோயான லாசா காய்ச்சலைப் பல்லாண்டுகளாகக் கையாண்ட ஆய்வகம் அது; நாட்டின் முதல் எபோலா நோயாளியை உறுதிசெய்ததும் அதே ஆய்வகம்தான்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1995-இல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலாவிலிருந்து பிழைத்த ஒருவரின் இரத்த அணுக்களிலிருந்து பெறப்பட்ட எதிர்ப்புப் புரதம்தான் பின்னாளில் அன்சுவிமாப் என்ற மருந்தானது. அதையும் மற்ற மூன்று மருந்துகளையும் ஒப்பிட்ட ‘பாம்’ ஆய்வு 2018 நவம்பர் முதல் கிழக்குக் காங்கோவில், ஆயுதக் குழுக்களின் தாக்குதல்களுக்கு நடுவே, நடந்தது. 681 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். 2019 ஆகஸ்டில் இரண்டு மருந்துகள் தெளிவாக முன்னே நின்றதால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு, அந்த இரண்டில் ஒன்று எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது. கின்ஷாசாவின் தேசிய உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனம் அதில் முன்னணியில் நின்றது. நைஜீரியாவின் எடே நகரில் கிறிஸ்டியன் ஹேப்பி நடத்தும் ஆய்வகம் 2020 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் முதல் கொரோனா மரபணுத் தொகுதியை வெளியிட்டது. அந்த மாதிரி கடல் தாண்டவில்லை. கருவி, மின்சாரம், வினைப்பொருள் (சோதனைக்கான வேதிப்பொருள்), சம்பளம் நான்கும் ஒரே இடத்தில் சில ஆண்டுகளாவது தொடர்ந்து இருந்தால் வேலை நடக்கும்.

இனி அந்த அரைப் பக்கத்துக்கு வருவோம்.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பழைய மாடல் நாளொன்றுக்கு 16 முதல் 20 யூனிட் இழுக்கும். 18 என்று வைத்தால் பத்து ஃப்ரீசருக்கு நாளைக்கு 180 யூனிட், ஆண்டுக்கு 65,700 யூனிட். அந்த மின்சாரம் அவ்வளவும் கடைசியில் வெப்பமாக அதே அறைக்குள்தான் வெளியேறும். 180 யூனிட்டை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால், இரவும் பகலும் 7.5 கிலோவாட் ஹீட்டர் எரிவதாகக் கணக்கு. அதை வெளியேற்ற மட்டுமே இரண்டு டன்னுக்குச் சற்று மேல் ஏ.சி. வேண்டும். கூரை வெயிலையும் சேர்த்தால் நாலு டன், அதில் ஒன்று பழுதானால் ஓட இன்னொன்று. பெரும்பாலான ஃப்ரீசர்கள் 32 டிகிரி வரையுள்ள அறைக்கென்று வடிவமைக்கப்பட்டவை. அறை 36 ஆனால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும்; சில மாதங்களில் போய்விடும். பட்ஜெட்டில் பார்த்தால் ஃப்ரீசர் பத்து என்று இருக்கும். ஏ.சி. இருக்காது. ஏ.சி. இருந்தாலும் அது ஜெனரேட்டர் லைனில் இருக்காது. கரன்ட் போனதும் ஃப்ரீசர்கள் ஜெனரேட்டரில் ஓடும், ஏ.சி. நின்றிருக்கும், மூடிய அறை ஒரு மணி நேரத்தில் சூளையாகிவிடும். நாங்கள் பார்த்த ஃப்ரீசர் சாவுகளில் கணிசமானவை கரன்ட் இல்லாததால் வந்தவை இல்லை; கரன்ட் இருந்தும் அறை சூடேறி வந்தவை.

அடுத்தது வோல்டேஜ். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மாலை நேரத்தில் 175-க்கு இறங்கும். நள்ளிரவில் 255-க்கு ஏறும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். ஸ்டெபிலைசர் போட்டால் தீரும்தான், ஆனால் ஓடும் ஆம்பியரைப் பார்த்து வாங்கினால் தீராது. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து முதல் எட்டு மடங்கு இழுக்கும். அந்தக் கணத்தைத் தாங்கும் அளவுக்கு வாங்க வேண்டும். கரன்ட் போய்த் திரும்பும்போது பத்து ஃப்ரீசரும் ஒரே நொடியில் கிளம்பினால் எந்த ஜெனரேட்டரும் ட்ரிப் ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட இடைவெளி வைத்து டிலே ரிலே போட வேண்டும். ரிலே மலிவு. போடாததால் போவது ஃப்ரீசரின் உள்ளே இருக்கும் பத்தாண்டு மாதிரி.

அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வரும் கருவிகளுக்கு ஒரு தனி வியாதி உண்டு. அவை 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதும் என்று அனுப்பிவிடுகிறார்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சுற்றிக்கொண்டே சூடாகும். குளிர்ச்சி மைனஸ் 65-க்குக் கீழே போகவே போகாது. பொறியாளர் வந்து கேஸ் நிரப்புவார், அடுத்த வாரம் அதே கதை. நன்கொடைப் படிவத்தில் ‘230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அல்லாதவை ஏற்கப்படா’ என்று ஒரு வரி சேர்த்தால் இது நிற்கும்.

ஜெனரேட்டரைப் பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணமும் தவறு. 40 கே.வி.ஏ. சுமைக்கு 200 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வைத்தால் டீசல் எஞ்சின் தன் திறனில் 30 விழுக்காட்டுக்கும் கீழே ஓடும். எரியாத எண்ணெய் புகைபோக்கியில் கரியாகப் படியும், இன்ஜெக்டர் அடைக்கும், தேவைப்படும் இரவில் கிளம்பாது. தன் திறனில் எழுபது விழுக்காட்டுக்குப் பக்கமாக ஓடும்படி ஒன்று, அதே அளவில் மாற்றுக்கு இன்னொன்று, இதுதான் சரி. வாரம் ஒருமுறை வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பது சோதனையாகாது. மெயின் பிரேக்கரை இறக்கி, மாற்று சுவிட்ச் தானாகச் சுமையை ஏற்கிறதா என்று அரைமணி பார்க்க வேண்டும். கிளம்பாத ஜெனரேட்டர்களில் பாதிக்கு மேல் காரணம் ஸ்டார்ட்டர் பேட்டரிதான். டீசல் ‘ஆவியாவதும்’ உண்டு; அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தினம் டிப் ஸ்டிக் அளவு, ஓடிய மணி, இரண்டையும் ஒரே ஏட்டில் இரண்டு பேர் கையெழுத்தோடு எழுதினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பான சஹேல் பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை ஹர்மட்டான் காற்று மாவுபோலத் தூசி கொண்டுவரும். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை கழுவும் ஃப்ரீசர் ஃபில்டரை அப்போது வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். கதவு ரப்பரில் உறைந்த பனியை ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுப்பது பல இடங்களில் வழக்கம். ரப்பர் கிழியும், உள்குழாயில் ஓட்டை விழும், இரண்டுக்கும் உதிரிபாகம் அங்கே கிடைக்காது. மரத் துடுப்பு போதும்.

ஃப்ரீசரை மைனஸ் 80-க்குப் பதில் மைனஸ் 70-இல் வைத்தால் மின்செலவு கால் பங்குக்கு மேல் குறையும், கம்ப்ரசரும் கூடுதல் காலம் உழைக்கும். பெரும்பாலான மாதிரிகளுக்கு அது போதும். ஆனால் ஆய்வு நெறிமுறையில் ‘மைனஸ் 80’ என்று அச்சாகிவிட்டால், தணிக்கைக்கு வருபவர் மைனஸ் 74-ஐப் பார்த்து விதிமீறல் என்று எழுதுவார். நெறிமுறை எழுதுபவர்கள் ‘மைனஸ் 65-க்குக் கீழே’ என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

உருகி மீண்டும் உறைந்த மாதிரி பார்வைக்கு ஒன்றும் காட்டாது. முடிவு குழம்பும்போதுதான் தெரியும், அதற்குள் ஆறு மாதம் போயிருக்கும். காசில்லாத சோதனை ஒன்று உண்டு. நிறம் கலந்த தண்ணீரைச் சிறு குழாயில் பாதி நிரப்பி, நிமிர்த்தி உறையவைத்து, பிறகு படுக்கவைத்து ஒவ்வொரு தட்டிலும் ஒன்று போட்டுவிட வேண்டும். நிறம் இடம் மாறியிருந்தால் அந்தத் தட்டு பூஜ்யத்துக்கு மேல் போய்த் திரும்பியிருக்கிறது. மைனஸ் 40 வரை ஏறி இறங்கியதை இது காட்டாது. அதற்கு வெப்பப் பதிவுக் கருவி வேண்டும், அது செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும், எச்சரிக்கை வரும்போது எழுந்து வர ஒருவருக்கு இரவுப்படி கொடுக்க வேண்டும். அந்த இரவுப்படியை எந்த பட்ஜெட்டிலும் நாங்கள் பார்த்ததில்லை. காலியாக ஒரு ஃப்ரீசர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று செத்தால் மாற்ற அதுதான் இடம். தணிக்கையாளர்கள் அதைப் ‘பயன்படுத்தப்படாத கருவி’ என்று குறிப்பதை நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? ஓவர்ஹெட் என்று நீங்கள் சொல்லும் நிர்வாகச் செலவிலிருந்து. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அதை 8 விழுக்காடு என்று வைத்திருக்கிறது. அதே நிறுவனத்திடம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பேசி வாங்கிவந்த விகிதம் பல இடங்களில் 50-ஐத் தாண்டும். அதே நோய்க்கு, அதே மாதிரிக்கு, கூட்டாளிகள் இருவர். ஒருவருடைய கட்டடத்தில் கரன்ட் போகாது, அவருக்கு 50. இன்னொருவர் தன் கரன்ட்டைத் தானே உண்டாக்க வேண்டும், அவருக்கு 8. விகிதத்தை மாற்ற உங்களால் முடியாமல் இருக்கலாம். நேரடிச் செலவாக எழுத விடலாமே? டீசல், மின்கட்டணம், ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஃப்ரீசர் இடவாடகை ஆகியவற்றை ‘ஒரு குழாய்க்கு ஓராண்டுக்கு இவ்வளவு’ என்று கட்டணமாக்கி, பங்கேற்பாளர் எண்ணிக்கையோடு பெருக்கி விண்ணப்பத்தில் போடச் சொல்லுங்கள். எத்தனை குழாய், எத்தனை ஆண்டு என்று சரிபார்க்க முடியும் என்பதால் நிதித் துறைக்கும் அது எளிது. திட்டம் மூன்றாண்டு, மாதிரி பத்தாண்டு என்றால், பத்தாண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்ட மனமில்லையென்றால் எவற்றை எப்போது அழிப்பது என்றாவது எழுதிவையுங்கள்.

பணம் வரும் முறையும் கொல்லும். செலவு செய்துவிட்டு பில் அனுப்பு, காலாண்டு முடிந்து தருகிறோம் என்பது பெரிய பல்கலைக்கழகத்துக்குச் சரி. மாவட்ட மருத்துவமனையின் ஆய்வகத்துக்கு நான்கு மாத டீசலைக் கடனில் வாங்க வழியில்லை. இடையில் நாணயம் சரிந்தால் இன்னும் மோசம். மலாவி 2023 நவம்பரில் டாலரின் விலை 44 விழுக்காடு ஏறும்படி தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது. நைஜீரியா அதே ஆண்டு ஜூனில் நைராவைச் சந்தைக்கு விட்டது. உள்ளூர் நாணயத்தில் எழுதிய ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள், டாலரில் விலைபோட்ட வினைப்பொருளை வாங்க முடியாமல் நின்றார்கள். இறக்குமதிச் செலவை டாலரிலும் சம்பளத்தை உள்ளூர் நாணயத்திலும் பிரித்து எழுதுங்கள். முதல் காலாண்டு முன்பணம் கொடுங்கள்.

வினைப்பொருள் இறக்குமதி பற்றி. பி.சி.ஆர். கலவை மைனஸ் 20-இல் வரவேண்டும், ட்ரை ஐஸில் வரும். ட்ரை ஐஸ் ஒரு பெட்டியில் நாளுக்கு 2 முதல் 5 கிலோ வரை ஆவியாகும்; பெட்டியின் தடிமனையும் வெயிலையும் பொறுத்தது. 15 கிலோ போட்டால் நாலைந்து நாள். ஐரோப்பாவிலிருந்து வியாழக்கிழமை அனுப்பினால் சனிக்கிழமை வந்து இறங்கும், சுங்க அலுவலகம் திங்கள்தான் திறக்கும், செவ்வாயன்று ஒரு காகிதம் குறைகிறது என்பார்கள், புதனன்று பெட்டியில் வெறும் காற்று இருக்கும். திங்களன்று மட்டுமே அனுப்ப வேண்டும். இறங்கும் வாரத்தில் விடுமுறை வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இறக்குமதி அனுமதி, வரிவிலக்குக் கடிதம், விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், தரச் சான்று, விமானச் சரக்குச் சீட்டின் நகல் எல்லாம் சரக்கு கிளம்பும் முன்பே சுங்க முகவரிடம் இருக்க வேண்டும். அனுப்புகிறவர்கள் செய்யும் வழக்கமான பிழை, அன்பளிப்புதானே என்று விலைப்பட்டியலில் பூஜ்யம் போடுவது. பூஜ்யத்தைப் பார்த்ததும் அதிகாரி சரக்கை நிறுத்தி மதிப்பீட்டுக்கு அனுப்புவார். உண்மை விலையைப் போட்டு, ‘விற்பனைக்கன்று’ என்று எழுதினால் போதும். பெறுநர் பெயரும் வரிவிலக்குக் கடிதத்திலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். திட்டத்தின் பெயர் ஒன்றிலும் நிறுவனத்தின் பெயர் மற்றதிலும் இருந்தால் ஒரு வாரம் போச்சு.

ஆனால் மாதிரிகள் வெளியே போகும்போது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள்! நோய் மாதிரிகள் போகும் யூ.என். 3373 வகைப் பொதிக்கு விதி தெளிவு: கசியாத உட்குழாய், உறிஞ்சும் பொருள், கசியாத இரண்டாம் உறை, கடினமான வெளிப்பெட்டி, உட்குழாயோ இரண்டாம் உறையோ 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும், பொதி 1.2 மீட்டரிலிருந்து விழுந்தும் தாங்க வேண்டும். ட்ரை ஐஸ் இருந்தால் வாயு வெளியேற வழி, யூ.என். 1845 சீட்டு, நிகர எடை. பெட்டிக்கும் கூரியருக்கும் திட்டத்தில் எப்போதும் பணம் இருக்கும். உள்ளே கொண்டுவரும் சுங்க முகவருக்கு இருக்காது.

கருவிகளைப் பற்றி நீட்டப்போவதில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, 16 வளரும் நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் பட்டியலைப் பார்த்து, 38 விழுக்காடு ஓடவில்லை என்று சொன்னது. வாங்கும் விலையில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டை ஏ.எம்.சி.-க்கு ஒதுக்குங்கள். பொறியாளர் எந்த நகரத்திலிருந்து, எத்தனை நாளில் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ‘ஆப்பிரிக்கப் பிராந்திய சேவை’ என்றால் பல நேரம் ஜோகன்னஸ்பர்க்கிலோ துபாயிலோ உள்ள ஒருவரின் விசா வரும்வரை காத்திருப்பது என்று பொருள். கைக்கடக்கமான கருவிகள் இதற்கு ஓரளவு வழி காட்டின. 2015-இல் கினியில் பயணப்பெட்டிகளில் கொண்டுபோன நானோபோர் கருவிகளால் 142 எபோலா மாதிரிகளை அங்கேயே வரிசைப்படுத்தினார்கள். ஆனால் அதில் மாதிரியை ஊற்றும் சில்லான ஃப்ளோ செல் சில வாரங்களே தாங்கும், குளிரில் வரவேண்டும். கதை மறுபடி சுங்கத்துக்கே வந்து நிற்கும்.

இனி ஒப்பந்தம். மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தை வழக்கமாகப் பணக்காரக் கூட்டாளியின் சட்டத் துறை எழுதும். முதன்மை ஆய்வாளர் விமானம் பிடிக்கும் அவசரத்தில் கையெழுத்துப் போடுவார். உங்கள் கைக்கு வரும்போது சில இடங்களைப் பாருங்கள். ‘இது தொடர்பான எதிர்கால ஆய்வுகளுக்கும்’ என்ற வாசகம் இருந்தால், அது எல்லை இல்லாத அனுமதி. செய்யப்போகும் சோதனைகளைப் பெயர் சொல்லி எழுதச் செய்யுங்கள். புதிய சோதனைக்கு ஆய்வின் அறத்தைப் பார்க்கும் உள்ளூர் நெறிக்குழுவிடம் மறுபடி போகட்டும். மூன்றாவது ஆய்வகத்துக்கோ நிறுவனத்துக்கோ கைமாற்றத் தடை வேண்டும். மிச்சம் திரும்ப வரும் அல்லது அழித்த சான்று வரும் என்று தேதியோடு இருக்க வேண்டும். தேதி இல்லையென்றால் வராது. பார்கோடு வாரியான முழுப் பட்டியல் இணைப்பாக இருக்க வேண்டும். எபோலா மாதிரிகளில் அந்த இணைப்பு இல்லாததுதான் பின்னாளில் தேடலாக முடிந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாதியை வைத்துக்கொள்வது. 4 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 2 மில்லி பிளாஸ்மா கிடைக்கும். அதை அரை மில்லி வீதம் நான்கு குழாய்களாக எடுத்த நாளிலேயே பிரிக்க வேண்டும். பிறகு பிரிக்கலாம் என்றால் ஒருமுறை உருக்க வேண்டிவரும், சில புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் அதைத் தாங்காது. இரண்டு குழாய் உள்ளூரில், அதுவும் ஒன்று ஒரு கட்டடத்தில், மற்றது வேறு மின்இணைப்புள்ள கட்டடத்தில். இரண்டு குழாய் வெளியே போகலாம். சாதா ஸ்டிக்கர் மைனஸ் 80-இல் உரிந்து பெட்டிக்கடியில் கிடக்கும். மார்க்கர் எழுத்து ஆல்கஹால் பட்டதும் அழியும். உறைகுளிருக்கான லேபிளைக் குழாய் காய்ந்திருக்கும்போதே, உறையும் முன்பே ஒட்ட வேண்டும். லேபிள் உரிந்த பத்தாயிரம் குழாய்கள் யாருக்கும் பயனில்லாத ஐஸ்.

2010-இல் ஏற்று 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை செடி, விலங்கு, நுண்ணுயிர் மரபு வளங்களின் பலனைப் பகிர்வதற்கானது; மனித மரபுப் பொருள் அதன் வரம்பில் இல்லை. ஆகவே மனித மாதிரிக்கு நாட்டுச் சட்டமும் ஒப்பந்தமும்தான் காப்பு. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றபோது, நோய்க்கிருமி மாதிரியைப் பகிர்வதற்கும் அதனால் வரும் பலனைப் பகிர்வதற்குமான இணைப்பைப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். கடினமான பகுதி அதுதான். இதற்கிடையில் பழங்குடியினரே எழுதிய விதி ஒன்றும் உண்டு: தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-இல் தங்களிடம் ஆய்வுக்கு வருபவர்களுக்கு நெறிமுறை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்று எளிய சொற்களில் இருக்கிறது. சட்டத் துறைக்கு அனுப்பும் முன் அதைப் படித்துவிடுங்கள், நேரம் அதிகம் ஆகாது.

நல்ல முன்மாதிரிக்கு, ஆப்பிரிக்க மக்களின் மரபணுக்களையும் நலத்தையும் ஆராய்ந்த எச்3ஆப்ரிக்கா திட்டத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்க என்.ஐ.எச்.-உம் பிரிட்டனின் வெல்கமும் பணம் போட்டு 2012 முதல் பத்தாண்டு நடந்தது. நிதி நேராக ஆப்பிரிக்க நிறுவனங்களுக்குப் போனது. உகாண்டா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் மாதிரி வங்கிகள் எழுந்தன. 2020-இல் வந்த அதன் பெரிய கட்டுரை 50 இனமொழிக் குழுக்களைச் சேர்ந்த 426 பேரின் மரபணுத் தொகுதிகளில், அதுவரை பதிவாகாத முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாறுபாடுகளைக் காட்டியது. அந்தப் பத்தாண்டு முடிந்தபின் மாதிரி வங்கிகளின் மின்கட்டணத்துக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி மட்டும், வேறெங்கும்போல அங்கேயும், கடைசியில்தான் எழுந்தது.

2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நடந்துகொண்டிருந்த மருந்துச் சோதனைகள் சில நாள் அவகாசத்தில் நின்றன. மே 1 அன்று, புதிய விதி வரும்வரை அமெரிக்க நிறுவனங்கள் வழியாக வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் போகும் துணை நல்கைகளைத் தருவதில்லை என்று என்.ஐ.எச். அறிவித்தது. பங்கேற்பாளர் உடலில் சோதனை மருந்து இருக்கும்போது, கண்காணிக்கச் செவிலியருக்குச் சம்பளம் இல்லை என்பது அறிவியல் இடைஞ்சல் மட்டுமில்லை, பெரிய பாவம். உங்கள் ஒப்பந்தங்களில் நிறுத்த விதி ஒன்றை எழுதுங்கள்: குறைந்தது 90 நாள் முன்னறிவிப்பு, அதுவரை பங்கேற்பாளர் பராமரிப்பு, அதன்பின் இரண்டாண்டு மாதிரிக் காப்புக் கட்டணம். இந்தத் தொகையைத் தொடக்கத்திலேயே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். நிறுத்துகிறவரிடம் நிறுத்தும் நாளில் கேட்டால் கிடைக்காது.

ஆப்பிரிக்க அரசுகளை விட்டுவிட்டுப் பேசுகிறோம் என்று நினைக்காதீர்கள். மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காட்டை ஆய்வுக்குச் செலவிடுவதாக ஆப்பிரிக்க ஒன்றிய நாடுகள் 2006-இல் ஒப்புக்கொண்டன. பெரும்பாலான நாடுகள் இன்னும் அதை எட்டவில்லை. வரிவிலக்கு சட்டத்தில் இருக்கும், துறைமுகத்தில் இருக்காது. நெறிக்குழு அனுமதி, மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி, கென்யாவில் நாகோஸ்டி, தான்சானியாவில் கோஸ்டெக் என்ற அறிவியல் ஆணையங்களின் உரிமம் என்று வரிசையாகப் போனால் ஓராண்டுகூட ஓடிவிடும். ஒரே நேரத்தில் விண்ணப்பிக்க விட்டால் பாதியாகும். இவற்றை அந்தந்த நாட்டு ஆய்வாளர்களே தங்கள் அமைச்சகங்களிடம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அமைப்பின் கடிதத்தாளில் போகும் ஒரு கடிதம் அவர்களுக்கு உதவும். அவர்களைத் தாண்டிப் போய் அமைச்சரைப் பார்ப்பது உதவாது.

உடனே செய்யக்கூடியது ஒன்றைக் கேட்கிறோம். அடுத்த நிதி அழைப்புக்கான பட்ஜெட் படிவம் உங்கள் அலுவலகத்தில் இந்நேரம் தயாராகிக்கொண்டிருக்கும். அதில் ‘கருவிகள்’ என்ற தலைப்புக்குக் கீழே நான்கு கட்டாய வரிகள் சேர்க்கச் சொல்லுங்கள்: மின்சாரமும் டீசலும், ஏ.எம்.சி.யும் உதிரிபாகமும், சுங்கமும் உள்நாட்டுப் போக்குவரத்தும், திட்டம் முடிந்தபின் மாதிரிக் காப்பு. எந்த வரியிலாவது பூஜ்யம் இருந்தால் விண்ணப்பம் திரும்பட்டும். மதிப்பீட்டுக் குழுவில் நோய்ப்பரவியலாளர் மூவர் இருந்தால், நான்காவதாக ஆய்வக மேலாளர் ஒருவரை, கம்பாலாவிலிருந்தோ அபுஜாவிலிருந்தோ, கூலி கொடுத்து உட்காரவையுங்கள். பட்ஜெட்டில் ஏ.சி. எங்கே என்று அவர் முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுவார்.

இப்படிக்கு,
மாதிரி வங்கிகளிலும் ஆய்வகப் பராமரிப்பிலும் பணியாற்றும் சிலர்